தகப்பன் பெட்டியில் தாத்தாவின் பேர்

எங்கள் வீட்டில் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவோம். கல்முனையிலேயே 'ராத்தா' என்கிற வீடுகளும் இருக்கின்றன, அது அவரவர் பழக்கம். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை தாத்தா வருவதாக நான் சொன்னதைக் கேட்டு, கைத்தடியோடு ஒரு கிழவர் வருவார், பிடித்து இறக்க வேண்டும் என்று வாசல் கேட்டடியில் போய் நின்றிருக்கிறார்கள். வந்தது ஸ்கூட்டியில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே "என்னகா இப்பிடி மெலிஞ்சி போயிட்டா" என்று என்னை ஏசிக்கொண்டு என் தாத்தா. அவர்களுக்குச் சிரித்து முடிய ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், போனது.

எனக்குச் சிரிப்பு வராத ஒரு காலமும் அந்தச் சொல்லாலேயே வந்தது.

மூன்று வருடப் படிப்பு முடிந்து, வெள்ளை உடுப்போடு வரிசையில் நின்று உறுதிமொழி சொன்ன அன்று, இனி வேலைதான் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கொழும்பில் பேரைப் பதிய வேண்டும். பதிவு இலக்கம் கையில் வந்தால்தான் நியமனப் பட்டியலில் பேர் வரும். பட்டியலை மூடிவிட்டால் அடுத்த தொகுதி வரும் வரைக்கும் வீட்டில் இருக்க வேண்டியதுதான், அது எப்போது வரும் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் தொகுதிக்குத் தந்தது ஆறு கிழமை. நான் வழக்கம்போல ஆறுதலாக மூன்று கிழமையைத் தின்றுவிட்டுத்தான் பிறப்புப் பத்திரத்தைத் தேடி அலுமாரியைத் திறந்தேன்.

அது சிங்களத்தில் இருந்தது. உம்மாவுக்கு என்னைப் பெறுவது கடினமாகி, ஊர் ஆஸ்பத்திரியில் இருந்து சிங்களப் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்களாம். பிறந்ததும் பதிந்ததும் அங்கேதான். பதிவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டார்கள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிறகு இறக்கி, மிகவும் பக்குவமாக, என் வாப்பா ஹயாத்தோடு, உயிரோடு, இருக்கிறாரா என்று கேட்டார். ஓம் என்றேன். தகப்பன் பெயர் என்ற பெட்டியில் விரலை வைத்து வாசித்துக் காட்டினார். என் தாத்தாவின் முழுப் பெயர்.

இத்தனை வருடமாக ஒருவரும் காணவில்லையா என்று கேட்பீர்கள். என் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர் சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே போய்ப் பார்க்கிற தேவை பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை, அடையாள அட்டைக்கும் வரவில்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்த அலுவலர்களுக்கு எங்கள் பேர்களில் ஆண் எது பெண் எது என்று எப்படித் தெரியும். மூன்று வருடம் சிங்களத்தில் நோயாளிகளோடு கதைத்துப் பழகிய நானும்தான் பார்க்கவில்லை. சொந்தப் பத்திரத்தை யார் வாசிக்கிறார்கள்?

அன்று பின்னேரம் வாப்பாவை உம்மாவும் தாத்தாவும் நானும் சுற்றி இருந்து விசாரித்தோம். முதலில் கோபப்பட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு நல்ல மனிதர் இருந்தாராம். அம்மாவின் பெயரைக் கேட்டாராம், சொன்னாராம். அடுத்ததாக, 'தாத்தாகே நம?' என்று கேட்டாராம். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன் என்பது அன்றைக்கு வாப்பாவுக்குத் தெரியாது.

"புள்ளைக்கித் தாத்தா இரிக்காவா, அவட பேரென்ன எண்டு கேக்கிறார் எண்டுதான் நினைச்சன்" என்றார் வாப்பா. "அந்நிய மனிசன், எவ்வளவு அன்பா விசாரிக்கிறார் எண்டு எனக்குச் சந்தோசமாவும் இருந்திச்சி."

தாத்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி மதிலால் எட்டிப் பார்த்தார். அந்தப் பத்திரத்தைப் பதியும்போது தாத்தாவுக்கு வயது பத்து. "பத்து வயசில ஒரு புள்ளைக்கி வாப்பாவாகியிருக்கன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் பதிவு இலக்கத்தை வட்ஸ்அப்பில் போட்டு ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் தட்டி என்னை வெளியே எடுத்ததும் தாத்தாதான். இதை எழுதாமல் போனால் நான் நன்றிகெட்டவள். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது வாப்பா கட்டாருக்கு லொறி ஓட்டப் போனவர், திரும்பி வந்து நிலைத்தபோது எனக்குப் பதினாறு. உம்மா கந்தோர், ஆபீஸ் என்று எந்த வாசலைக் கண்டாலும் தலைக்குத்து என்று படுத்துவிடுகிறவர். ஆகவே பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குத் தாத்தா. தடுப்பூசிக்குத் தாத்தா. ரிப்போட் அட்டையில் பெற்றோர் ஒப்பம் என்ற இடத்தில், கணக்கில் நான் எடுத்த புள்ளியைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டு ஒப்பம் வைத்ததும் தாத்தா. தாத்தாவுக்கு மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்த மச்சான், நிக்காஹ் ஒன்று, பெண் இரண்டு என்று இன்றைக்கும் என்னைப் பகிடி பண்ணுவார். நர்சிங் வேண்டாம், குமர்ப்பிள்ளை கண்ட கண்ட ஊரில் வேலை செய்வதா என்று சொந்தக்காரர்கள் வந்து குந்தியபோது, தேத்தண்ணி கொடுத்து, கேட்டு முடித்து, வழியனுப்பிவிட்டு, அடுத்த நாளே விண்ணப்பத்தைத் தபாலில் போட்டவர் அவர்.

பிறப்புப் பதிவுகளைப் பார்க்கிற அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தாத்தாதான் கதைத்தார். திருத்தலாம் என்றார்கள். வாப்பாவும் உம்மாவும் கலியாணம் முடித்த பதிவு வேண்டும். தான்தான் தகப்பன் என்று வாப்பா சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். பிறகு அந்த அலுவலர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெட்டியில் பேர் இருக்கிறவர், தான் தகப்பன் இல்லை என்று இன்னொரு சத்தியக் கடதாசி தர வேண்டும் என்றார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேட்டார். தாத்தா தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி உள்ளே போய்விட்டு வந்தார்.

சத்தியக் கடதாசி முடித்துத் தருகிற சமாதான நீதவான் எங்களூரில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். வாப்பாவின் கடதாசி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தாத்தாவின் கடதாசியை அவரே தட்டச்சில் அடித்து, பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தார். மேற்சொன்ன நபருக்கு நான் தகப்பன் அல்ல என்றும், எக்காலத்திலும் தகப்பனாக இருந்ததில்லை என்றும் இத்தால் சத்தியம் செய்கிறேன்.

முதல் வரிக்குத் தாத்தா சிரித்தார். இரண்டாவது வரிக்குச் சிரிப்பு நின்றது. பேனையைக் கையில் வாங்கிக்கொண்டார், ஆனால் ஒப்பம் வைக்கவில்லை. பட்டியல் மூட இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

"சேர், தகப்பன் இல்ல எண்டு எத்தின தரம் வேணுமெண்டாலும் எழுதித் தாறன்" என்றார் தாத்தா. "எக்காலத்திலும் இல்ல எண்டு நான் எப்பிடி சத்தியம் பண்ற? பன்னெண்டு வருசம் இவட ரிப்போட்டில ஒப்பம் வெச்சது நான்தானே."

அதிபர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்க்கவில்லை. கடதாசியைக் கிழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு, வேறொன்றைப் பூட்டி, 'எக்காலத்திலும்' இல்லாமல் முதலில் இருந்து அடித்தார். தாத்தா ஒப்பம் வைத்தார். வாப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய் எதிர்க் கடையில் எங்களுக்குப் பிளேன்டி சொன்னார். தாத்தாவுக்குச் சீனி குறைய என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தாத்தா கச்சேரிக்குப் போனார். சண்டை பிடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. போய் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் சலாமோ வணக்கமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது நாள், இந்த மனுசியை வீட்டுக்கு அனுப்புவதற்காகவாவது அதை முடித்துக் கொடுங்கள் என்று யாரோ உள்ளே சொன்னார்களாம். திருத்திய பத்திரத்தில் தாத்தாவின் பேருக்கு மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வாப்பாவின் பேரை எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியது அதுதான். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது. பட்டியல் மூட இரண்டு நாள் இருக்கும்போது நானும் தாத்தாவும் கொழும்புக்குப் போய்க் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

பதிவு இலக்கம் வந்தது. பட்டியலிலும் என் பேர் வந்தது. முதல் நியமனம் மலைப்பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி, முழுக்கச் சிங்களம். கடற்கரைக் காற்றில் வளர்ந்த எனக்கு அங்கே இறங்கியதுமே பல் கிடுகிடுத்தது. பாய், வாளி, தாத்தா கட்டித் தந்த கருவாட்டுப் பொதி எல்லாவற்றோடும் வாப்பா விறாந்தையில் இருக்க, நான் கந்தோருக்குள் படிவம் நிரப்பப் போனேன். எழுதுகிற அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே எழுதினார். பேர், பதிவு இலக்கம், விலாசம். அவசரம் என்றால் யாருக்கு அறிவிப்பது என்று கேட்டார். யோசிக்காமல் தாத்தாவின் பேரையும் தொலைபேசி இலக்கத்தையும் சொன்னேன். என்ன உறவு என்று கேட்டார்.

சிங்களத்திலும் அக்காவுக்கு அக்காதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதுவரை ஒரு பிழையும் விடாமல் சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்த வாய், அந்த இடத்தில் மட்டும் வீட்டு வழக்கத்துக்குப் போய்விட்டது.

"தாத்தா" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு, 'பியா' என்று அழகான எழுத்தில் எழுதினார். சிங்களக் கடதாசியில் அது தகப்பன். பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒப்பம் வைத்துக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து தாத்தாவுக்கு அழைப்பெடுத்து நடந்ததைச் சொன்னேன்.

தாத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"அத திருத்தப் போகாதகா. இன்னொரு தரம் இல்லண்டு சத்தியம் பண்ண நான் வரமாட்டன்."