நத்தை விட்டுவைத்த பழைய பெயர்

என் கொழுந்தனின் மனைவிக்கு ‘நத்தை’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். ஆறு வருஷமாக வாரம் ஒருமுறையாவது வீட்டில் அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன், வேறென்ன!

கம்ப்யூட்டரில் தகவல்களை அடுக்கி வைக்கும் அட்டவணை, அதாவது டேபிள் ஒன்றின் பெயரை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம். அவளுக்கு ஒரு மாதம். நோயாளிகளின் விலாசம், போன், ஒவ்வாத மருந்து என எல்லாம் ஒரே டேபிளில் அடைந்து கிடந்தன. அதை இரண்டாகப் பிரித்துப் புதுப் பெயர் வைக்கச் சொன்னார்கள். நத்தை நோட்டுப் புத்தகத்தோடு மாடி மாடியாக ஏறினாள். எந்தெந்தப் புரோகிராம் பழைய பெயரைக் கூப்பிடுகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எழுதிக்கொண்டாள். புது டேபிள்களில் எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று மூன்று முறை சரிபார்த்தாள். கடைசியில் பழைய பெயரிலேயே ‘வியூ’ என்று ஒரு ஜன்னல் வைத்தாள். இன்னும் மாறாத புரோகிராம்களுக்கு அது பழைய டேபிள் போலவே தெரியும். உள்ளே இரண்டு புது டேபிள்களிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும்.

ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. “வலிக்காம ஆபரேஷன் பண்ணிட்டாங்கம்மா,” என்று மேனேஜர் என்னிடமே வந்து சொன்னார். பிரிவுத் தலைவர் பதவி அப்போதுதான் காலியாகியிருந்தது. பத்தொன்பது வருஷம் நான் காத்திருந்த நாற்காலி! வீட்டில் மாமியார் வேறு, “சின்னவளுக்குத்தான் கிடைக்கும்போல,” என்றார்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் கிளம்பிய பிறகு அந்த வியூ என் கண்ணில் பட்டது. வேலையை முடித்தவள் குப்பையை அள்ளாமல் போயிருக்கிறாள், மீட்டிங்கில் சொல்லிக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். அழித்துவிட்டேன். அவளுடைய நோட்டு பக்கத்து மேஜையில்தான் கிடந்தது. அதைப் புரட்டிப் பார்ப்பதா, நானா?

மறுநாள் காலை மருந்தகம் திறந்ததும் ஒரு ஸ்கிரீனும் வேலை செய்யவில்லை. யாருக்கு எது ஒவ்வாது என்று தெரியாமல் ஒரு மாத்திரைகூடத் தரமாட்டேன் என்று மருந்தாளர் கையைக் கட்டிக்கொண்டார். வரிசை வாசலைத் தாண்டியது. நத்தை ஓடி வந்து கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்தாள். அழித்த நேரமும் என் பெயரும் அதில் இருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் நாலே நிமிஷத்தில் வியூவைத் திரும்ப வைத்தாள்.

“யார் பண்ண வேலை இது?” என்று கத்தினார் மேனேஜர்.

“என் தப்புதான் சார். மருந்தகப் புரோகிராம் புதுப் பேருக்கு மாறுறதுக்கு முன்னாடி அதை எடுத்திருக்கக் கூடாது,” என்றாள் நத்தை.

பதவி எனக்கு வந்தது.

படிக்கட்டில் அவளை மடக்கினேன். “எதுக்குடி அப்படிச் சொன்னே?”

“நீங்க வேலை வாங்கிக் குடுத்தீங்கல்ல, அக்கா? அதுக்கு இது சரியாப் போச்சு. இனிமே வீட்டுல அந்தப் பேச்சை எடுக்காதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமியார் எனக்கு முதலில் பரிமாறினார். “என்ன இருந்தாலும் பெரியவ பெரியவதான். சின்னவளுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே இவதானே!”

நத்தை தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இல்ல அத்தை,” என்றேன். “அவ கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைச்ச வேலை அது.”

அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள்.