திரை மூலையில் ஓர் எண்

கை தன் பாட்டுக்கு விசைப்பலகையில் ஓடும். கண் மட்டும் திரையின் வலது மூலையில் நிற்கும். அங்கே பச்சையாக ஓர் எண் மின்னிக்கொண்டிருக்கிறது. அக்காவின் கணினிக்குள் கணக்குப் போடும் பிராசசரின் சூடு அது, டிகிரியில். எதிரே உட்கார்ந்து பேசுகிறவன் முகத்தைவிட அக்கா அதைத்தான் அதிகம் பார்ப்பாள். "சொல்லுடா, காதுல விழுது. அம்பத்தெட்டு... ம், அப்புறம்?"

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் காட்டுவது அவள் தொழில். சன்னல் வழியே விழும் வெயில், கதவின் நிழல், தரையின் பளபளப்பு எல்லாவற்றையும் கணினிதான் கணக்குப் போட்டு வரைய வேண்டும். சூடு எல்லை மீறினால் அது தானே அணைந்துவிடும், வரைந்ததெல்லாம் போச்சு. ஆகவே படம் ஓடும்போது அந்த அறையில் இஸ்திரி போடக் கூடாது, சன்னல் திரையை விலக்கக் கூடாது. கணினிப் பெட்டியின் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டு அக்காவின் கணவர், என் மாமா, ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மேசை விசிறிகூடப் பெட்டியைப் பார்த்தே சுற்றும்.

"நான் இங்க வேர்த்து ஊத்தறேன், கண்ணுக்குத் தெரியலயா?" என்பார் மாமா.

"உங்களுக்கு வேர்க்குதுல்ல? அதுக்கு வேர்க்கத் தெரியாதுங்க."

பழுது பார்க்க யாரையும் கூப்பிட மாட்டாள். "என் மெஷின்ல என்னைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது." தூசி தட்ட ஒரு பழைய பெயின்ட் பிரஷ் வைத்திருக்கிறாள். பிராசசரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் பழைய கூலர் இரைச்சல் போட்டதால், அதைக் கழற்றிவிட்டுப் போன வாரம் ஒரு நாள் ராத்திரி புதியதை மாட்டியதும் அவளேதான்.

மறுநாள் காலையில் நான் போயிருந்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் படம் போயாக வேண்டும். ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்தபின் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. கைநழுவினால் பழைய மேலதிகாரியிடமே போய் நிற்க வேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரியும்.

ஓட விட்டதுமே எண் சிவந்தது. எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. திரை இருண்டது. அக்கா அசரவில்லை. "வெயில்தான்" என்று விசிறியை நெருக்கி வைத்தாள். மறுபடியும் இருண்டது. "கரன்ட் சரியில்ல" என்றாள். அடுத்த முறை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் துண்டு போடலம்மா!" மாமா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

அதன்பின்தான் பெட்டியைத் திறந்து கூலரைக் கழற்றித் திருப்பினாள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மாட்டும் முன் உரிக்கச் சொல்லி அதிலேயே சிவப்பில் கொட்டை எழுத்து. பிராசசரின் சூடு கூலருக்குப் போய்ச் சேராமல் தடுத்தது அதுதான். மாமா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது.

"என் மெஷின்ல நான்தான் கை வைப்பேன்னேன். வெச்சுட்டேன்" என்றாள் அக்கா.

தாளை உரித்தாள், துடைத்தாள், சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் புதிதாகத் தடவி மாட்டினாள். எண் அறுபத்திரண்டில் போய் நின்றது. இருட்டும் முன் படமும் போய்ச் சேர்ந்தது; பிடித்திருக்கிறது என்று பதிலும் வந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது.

அந்தத் தாளைக் குப்பையில் போட மாமா கை நீட்டினார். அக்கா தரவில்லை. திரையின் சட்டத்தில், அந்த எண்ணுக்கு நேர் கீழே, சிவப்பு எழுத்து தன் பக்கம் தெரியும்படி ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.