ஐந்து வயது அளவில் ஆறு சட்டைகள்

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, நானும் என் மாமாவும் சேலத்தில் பஸ் ஏறினோம். சேந்தமங்கலத்துக்கு ஆளுக்கு எட்டணா. மாமாவின் காலடியில் ஒரு துணி மூட்டை. என் பையில் அளவு நாடா, மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைகள், ஒன்பது கேள்விகள் எழுதிய ஒரு தாள்.

கொல்லிமலையில் ஒரு தையற்காரரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். கணவரை இழந்த என் அக்கா, குழந்தைகளுக்கான ஆயத்தச் சட்டைகளை ‘முல்லை மார்க்’ என்ற பெயரில் விற்கக் கடை திறக்க எண்ணியிருந்தாள். அவளுடைய மாமனார் ஆவணி வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் கடை திறக்காவிட்டால் தர்மபுரியில் அவர் வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும். அந்த வீட்டில் அவளுக்கு அடுக்களையைத் தவிர இடமில்லை.

கல்லூரி விடுமுறையில் தையற்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதே என் வேலையாயிற்று. ஏழு பேருக்கு எழுதினேன். மூவர் பதில் போட்டனர். ஒருவர் மாதம் ஐந்நூறு சட்டை தருவதாகச் சொன்னார். பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றதும் கடிதத்தை நிறுத்திவிட்டார். இன்னொருவரின் மாதிரிச் சட்டை அழகாக இருந்தது; அடுத்து வந்தவற்றில் பொத்தான்கள் கையோடு வந்தன. மூன்றாமவர், சேந்தமங்கலத்து ஜவுளிக்காரர் ஒருவர் மூலம் அறிமுகமான பொன்னுசாமி. அவர் தைத்தனுப்பிய சட்டையை அக்கா ஒரு பகல் முழுதும் கையிலேயே வைத்திருந்தாள். ஐந்து வயது அளவில் இன்னும் ஆறு தைத்து வைக்குமாறு எழுதிவிட்டு, நேரில் சோதித்து, தேறினால் தைக்கத் துணியைக் கொடுத்துவர என்னை அனுப்பினாள்.

ஒன்பது மணிக்குச் சேந்தமங்கலம். அங்கிருந்து அடிவாரமான காரவள்ளிக்கு மாட்டு வண்டி, வாடகை பன்னிரண்டணா. தூரம் ஏழு மைல் என்றார் வண்டிக்காரர். எனக்கு எட்டாகத் தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். மிளகுச் சுமை இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய சடையன் என்பவர் எங்கள் மூட்டையைத் தலையில் வாங்கிக்கொண்டார்.

“ஏனுங்க, மலைக்குச் சோறு கட்டிக்கிட்டு வருவாங்க. துணி கட்டிக்கிட்டு வந்தது நீங்கதானுங்க,” என்றார்.

“இவ ஒரு தையக்காரருக்குப் பரீட்சை வெக்கப் போறா,” என்றார் மாமா.

“பெயிலாயிட்டா இந்த மூட்டைய மறுபடியும் கீழ தூக்கோணுமுங்களா?”

“ஆமா.”

“அப்பப் பாசாகட்டுமுங்க.”

மூங்கில் புதர்களுக்கிடையே பாதை ஒற்றையடியாக வளைந்து சென்றது. இருமுறை சுனையருகே இளைப்பாறினோம். மலைக்காய்ச்சலை எண்ணி மாமா கொதிக்காத நீரைத் தொட விடவில்லை. நாலரை மணிக்கு, மலைமேல் வாழவந்தி நாடு என்ற பகுதியில் பொன்னுசாமியின் வீட்டை அடைந்தோம்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். சேந்தமங்கலத்தில் எட்டு ஆண்டுகள் தைத்துவிட்டு, தையல் எந்திரத்தைத் தலை வேறு கால் வேறாகப் பிரித்து மலையேற்றிக்கொண்டு வந்தவர். கூரைக்கடியில், வெளிச்சம் விழும் பக்கமாக எந்திரம் நின்றது. நூல் எங்கே வாங்குகிறார், மழைக்காலத்தில் துணியை எங்கே வைக்கிறார், தாமே தைப்பாரா, பிறரிடம் கொடுப்பாரா? எல்லாவற்றுக்கும் விடை சுருக்கமாகவும் தெளிவாகவும் வந்தது. பிறகு ஆறு சட்டைகளையும் விரித்து அளந்தேன். இரண்டு கூட ஒத்திருக்கவில்லை. மார்பளவு இருபத்து நான்கு அங்குலத்திலிருந்து இருபத்தாறரை வரை போயிற்று.

தாளை மடித்தேன். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

“ஒரே அளவுல கேட்டிருந்தோமே,” என்றேன்.

“அஞ்சு வயசுன்னு எழுதியிருந்தீங்க. எந்தப் புள்ளைன்னு எழுதலீங்களே,” என்றார். ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆறு பேரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் ஒன்றாகத் தைத்திருந்தார். “ஆறு பேருக்கும் ஒரே ஒடம்புங்களா?”

நான் சட்டைகளை மடிக்கத் தொடங்கியபோது, செல்லம்மாள் என்ற பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சட்டையோடு பொன்னுசாமியிடம் வந்தாள்.

“மாமா, நீ தச்ச கை எம்பட பையன் கையில ஏற மாட்டீங்குது. யாரு கைக்கு அளவெடுத்த?”

“தை மாசத்துல எடுத்த அளவு, புள்ள. அவன் வளந்தா நானா பொறுப்பு?”

“உன்னத் திட்டாம எந்திரத்தையா திட்டறது?”

அவர் சிரித்துக்கொண்டே தையலைப் பிரித்தார். உள்ளே ஓர் அங்குலம் துணி மடிந்திருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு, மீண்டும் தைத்து நீட்டினார். நான் அந்த ஆறு சட்டைகளையும் உட்புறம் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு ஓரத்திலும் அதே மடிப்பு இருந்தது. மற்றத் தையற்காரர் அனுப்பிய சட்டைகள் எதிலும் அதைக் கண்டதில்லை.

“ஒரே அளவுல தைக்க முடியுமா?”

“ஒரு புள்ளையக் காட்டுங்க, அந்த அளவுல நூறு தைக்கறேனுங்க. ஆனா சேலத்துல போடற பையனுக்குப் பத்தலைன்னா, அவங்கம்மா யாருகிட்ட வந்து கேப்பா? உள்ள துணி இருக்கறது அவளுக்கு எப்படிங்க தெரியும்? எம்பேரும் ஊரும் காலர்ல போடுங்க. போட்டாத் தைக்கறேன்.”

என் தாளில் ஒன்பதாவது கேள்வி, தம் பெயரை வெளியிடாதிருக்க அவர் சம்மதிப்பாரா என்பது. தைப்பவர் யாரென்று தெரிந்தால் பெரிய கடைக்காரர்கள் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அக்கா பலமுறை எச்சரித்திருந்தாள். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அக்காவின் முடிவைப் பத்து நாளில் எழுதுவதாகச் சொன்னேன்.

“துணி?” என்று கேட்டார் பொன்னுசாமி.

“இங்கயே இருக்கட்டும்,” என்றேன். மாமா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு இறங்கத் தொடங்கி, மாலை ஐந்து மணிக்குச் சேலம் சேர்ந்தோம். நடந்ததைச் சொல்லி முடித்தபின் அக்கா கேட்டாள்: “நாளைக்கு வேற ஒருத்தர் அவரக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா?”

“போகலாம் அக்கா.”

ஒரு சட்டையைத் திருப்பி, அதன் மடிப்பில் நெடுநேரம் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “திட்டறதுக்கு எல்லாரும் மலையேற முடியுமா? அவர் பேருக்குக் கீழ நம்ம கடை விலாசத்தையும் எழுது,” என்றாள்.

கடை ஆவணியில் திறந்தது. அப்போது நான் சென்னையில் விடுதிக்குத் திரும்பியிருந்தேன். இங்கே கடைத்தெருவில் தொங்கும் சட்டைகளின் உட்புறத்தை இப்போதெல்லாம் திருப்பிப் பார்க்கிறேன். மடிப்பும் இல்லை, பெயரும் இல்லை. அக்காவின் கடிதம் சென்ற வாரம் வந்தது. ஒரு பெண் சட்டையோடு கடைக்குள் நுழைந்து, பையனுக்குக் கை போதவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாளாம். அவள் பேசி முடிக்குமுன்பே, மடிப்பைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டதாக அக்கா எழுதியிருக்கிறாள்.