மேனேஜரோடு மூன்று தோட்டங்கள்: பந்தல்குடி, பரளச்சி, திருச்சுழி

நாயைக் கூட்டிக்கொண்டு தோட்டம், கண்மாய் என்று ஒரு நாள் சுற்றி வரலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். அருப்புக்கோட்டைப் பக்கம் அப்படி முதன்முதலாகப் போனவன் நான்தான். எனக்கு முன்னால் யாராவது போயிருந்தால் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

போனது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பங்குனியில். காரணம் எங்கள் நாய். பெயர் மேனேஜர். என் பாத்திரக்கடை வாசலில் அவன் உட்கார்ந்திருக்கிற தோரணைக்கு வேறு பெயர் பொருந்தாது. ராஜபாளையத்து ரத்தம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எட்டாவது வரைதான் படித்தேன் என்றாலும் நாய் விஷயத்தில் நான் டாக்டருக்கு மேல். அந்தச் செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கு என் வீட்டுக்காரி செல்வி நேர்ந்துகொண்டு இடித்து வைத்த மாவிளக்கை, நெய்யூற்றித் திரி கொளுத்துவதற்குள், மேனேஜர் தின்றுவிட்டான். மிச்சம் வைத்தது திரியை மட்டும்.

"ஆத்தாளுக்கு வச்சத நாய் திண்டுருச்சு. இனிமே இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. இல்ல, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் செல்வி. "வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கயாச்சும் நல்ல தோட்டமாப் பாத்து விட்டுட்டு வாங்க."

ஆகவே இது தோட்டம் பார்க்கிற பயணம் என்றாலும், மேனேஜருக்கு வீடு பார்க்கிற பயணமும்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கடையின் மூன்று சக்கர லோடு வண்டியை எடுத்தேன். பெட்ரோல் நாலு லிட்டர். பின்னால் சாக்கு விரித்து மேனேஜரைக் கட்டினேன். தூத்துக்குடி ரோட்டில் வண்டியை எண்பதில் விட்டேன். லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். (அந்த வண்டி நாற்பதுக்கு மேல் போகாது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஓட்டத் தெரியாது.)

பந்தல்குடி பன்னிரண்டு கிலோமீட்டர். ரோட்டோரக் கடையில் டீ ஒரு ரூபாய், மேனேஜருக்கு பன் ஒன்று. அங்கிருந்து மண்பாதையில் குருசாமியின் மல்லிகைத் தோட்டம். ஆறரைக்கே பூ எடுத்து முடிக்கிற நேரம். வேப்பமரம் முழுக்கப் புதுத் தளிர். மல்லிகை வாசம் எப்படி இருந்தது என்றால், அன்றைக்கு முழுக்க என் பீடிகூட மல்லிகையாகத்தான் மணந்தது.

"அண்ணாச்சி, நாய விட்டுட்டுப் போங்க. மோட்டார் கொட்டாயில கெடக்கட்டும்" என்றான் குருசாமி.

செடியைப் பார்த்தேன். இடுப்பளவு. அந்த நிழலில் மேனேஜரின் வால்கூட ஒதுங்காது. "வெயில் தாங்க மாட்டாம்ப்பா" என்றேன்.

"வேம்பு நிக்கிதுல்ல?"

"அது காலை நிழல்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அடுத்து பரளச்சி. மைல்கல் கணக்கை நம்பாதீர்கள், ரோடு போடாத இடத்தில் ஒரு கிலோமீட்டர் மூன்றாக நீளும். ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்க, கடைசிப் பருத்தி வெள்ளையாக நின்றது. களத்தில் மிளகாய் காய்ந்தது, சிவப்புக் கம்பளம் மாதிரி. வண்டியில் இருந்தபடியே நானும் மேனேஜரும் சேர்ந்து தும்மினோம். கண்மாயில் முழங்கால் தண்ணீர், அதில் நாரைகள். பத்தாயிரம் இருக்கும். நான் எண்ணினேன். பாதி ரஷ்யாவில் இருந்து வந்தவை, பார்த்தாலே தெரியும்.

கண்மாய்க்குக் கீழே தோட்டம் வைத்திருந்த தவசியிடம் ஏற்கெனவே இரண்டு நாய்கள். அவை குரைத்ததும் மேனேஜர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். பயமில்லை, பதுங்குவது வேட்டைநாயின் குணம்.

"என்னண்ணாச்சி, ராஜபாளையத்து ரத்தம்னீக, ரத்தம் அடியில போயி ஒளிஞ்சிருச்சு?" என்று தவசி சிரித்தான்.

மரியாதை தெரியாத இடத்தில் மேனேஜரை எப்படி விடுவது?

திருச்சுழிக்குப் போகும்போது மணி பன்னிரண்டரை. குண்டாறு மணலாகக் கிடந்தது. அவிழ்த்துவிட்டதும் மேனேஜர் ஒரு இடத்தைப் பறித்தான், பறித்த இடத்தில் ஊற்று. ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது என்று நான் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். உள்ளங்கை அளவு கசிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அவன் நக்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

ஆற்றங்கரையில்தான் இருளாயியின் எலுமிச்சைத் தோட்டம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக ஐந்து ஏக்கரைப் பச்சையாக வைத்திருப்பவள். நெல் அவிக்கிற அண்டாவை என் கடையில் வாங்கி, அரை நாள் பேரம் பேசியவள். கிணற்றில் தண்ணீர், எலுமிச்சை பூத்த வாசம், புங்கை நிழல், மத்தியானச் சோற்றில் மேனேஜருக்கும் ஒரு பங்கு. சாப்பிடும்போதே மாவிளக்குக் கதையைச் சொல்லிவிட்டேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

"மயிலு மிளகாச் செடியெல்லாம் கொத்திப் போடுது. எனக்கு நாய் வேணும் அண்ணாச்சி. குடுங்க, புள்ள மாதிரி பாத்துக்கிறேன்" என்றாள்.

"சரி தாயி."

"கயித்த அவுத்துக்கங்க. நான் என் கயிறு எடுத்துட்டு வாரேன்."

எங்கள் பக்கம் மாடு விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கயிற்றோடு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டித்தான் ஓட்டிப் போகணும். நாய்க்கு அந்த முறை உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவிழ்த்தேன்.

இருளாயி பம்புசெட்டுக்குப் போனாள். மேனேஜர் கழுத்தை உதறினான். போய் மூன்று மயிலை விரட்டினான் (ஏழு என்றும் சொல்லலாம்). திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, கையில் இருந்த கயிற்றின் மறுநுனியைக் கவ்விக்கொண்டான். இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.

இருளாயி புதுக் கயிற்றோடு வந்து நின்று பார்த்தாள்.

"நாய் விடமாட்டேங்குது தாயி" என்றேன்.

"நாய்தானா? உங்க கையப் பாருங்க."

பார்த்தேன். கயிறு மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நான் எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை.

"கூட்டிட்டுப் போங்க. வீட்டுல அவுகளுக்கு மாவிளக்குதான வேணும்? அரிசி ஊறத்தான் கெடக்கு, இடிச்சுத் தாரேன், வெல்லமும் இருக்கு" என்று ஒரு தூக்குச்சட்டி நிறைய மாவும் மடி நிறைய எலுமிச்சையும் கொடுத்தாள். "மயிலுக்கு நான் வேற வழி பாத்துக்கிறேன்."

பதினைந்து கிலோமீட்டர். ஐந்தரைக்கு வீடு வந்தேன். மேனேஜர் பின்னால் கட்டாமலே சாக்குக்குள் சுருண்டு தூங்கினான். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் வெறுங்கயிறு. செல்வி வாசலில் நின்றாள். சட்டியைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்தாள். கயிறு மட்டும் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏங்க... மத்தியானம் அதுக்குச் சோறு வச்சாகளா?" என்றாள்.

நான் எத்தனையோ கதை சொல்லுகிறவன். அப்போது தூக்குச்சட்டியைத்தான் நீட்டினேன். நல்லவேளை, வண்டிக்குள் மேனேஜர் தும்மினான். பரளச்சி மிளகாய்.

"வெக்கங்கெட்ட நாய்" என்று திட்டிக்கொண்டே அவனுடைய தட்டைக் கழுவ உள்ளே போனாள். மாவிளக்கை மட்டும் அன்றைக்குப் பரணில் ஏற்றி வைத்தாள்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பங்குனியை விட்டால் வெயிலில் நாய் தாங்காது. தண்ணீர் இரண்டு குடம், விரிக்கச் சாக்கு. பரளச்சிக் களத்துப் பக்கம் நாயின் மூக்கை ஈரத்துணியால் மூடுங்கள். கயிறு நீளமாக இருக்கட்டும். திரும்பி வரும்போது, வாசலுக்குள் கயிற்றை முதலில் கொண்டுபோகாதீர்கள். நாயை முன்னால் விடுங்கள்.