மேடையில் நிறுத்திவிட்டாள்

திண்டிவனத்தில் என் நடன வகுப்பில் நான் போட்ட சட்டம் ஒன்றுதான். தப்பு வந்தால் நான் சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி, நிறுத்து, திரும்ப ஆடு. "முட்டியை விரி, கையைத் தூக்கு" என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம் என்ற எரிச்சலில் வந்த சட்டம் அது. பலிக்கவும் செய்தது. வினையும் அதில்தான் வந்தது.

மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவரின் மகள் ஒருத்தி என்னிடம் கற்றுக்கொண்டிருந்தாள். "பத்தாவது வருது, டான்ஸெல்லாம் எதுக்குங்க? மேடையில ஒரு தடவ பாக்குறேன். நல்லா ஆடுனா வரட்டும், இல்லன்னா வேணாங்க," என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். திருவாமாத்தூர் கோயில் விழாவில் அவளுக்கு இடம் வாங்கினேன்.

முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் தாளம் போட, பக்கத்தில் ஒரு பாடகி பாட, நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று நின்றாள். தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போனாள். திரும்பப் போடுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அடிப்பாவி! இது என்ன வகுப்பா? நிறுத்துவதா, தொடர்வதா என்று எனக்குப் புரிவதற்குள் கை தானாகவே பழைய இடத்திலிருந்து தாளத்தைத் தொடங்கிவிட்டது. பாடகி என்னை முறைத்துக்கொண்டே கூடப் பாடினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஆடி முடித்து இறங்கியதும் அப்பா வந்தார். "நல்லாத்தானங்க ஆடிக்கினு இருந்தா. ஏன் நின்னா? மறந்துட்டாளா?"

மறக்கவில்லை. ஆனால் தப்பு எங்கே? கண் கொட்டாமல் பார்த்த எனக்கே அது தெரியவில்லை. இவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா, நான் சொல்லிக்கொடுத்ததே சரியா தப்பா, ஒன்றும் விளங்காமல் நின்றேன்.

"கை ஒரு பக்கம் போச்சு, கண்ணு அது பின்னால போவலப்பா," என்றாள் அவள்.

"அது யாருக்குத் தெரியப்போவுது? உங்க மிஸ்ஸுக்கே தெரியல போலகீதே."

"எனக்குத் தெரியுமேப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார். "இவ நல்லா ஆடுறாளா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

நன்றாக ஆடுகிறாள் என்றால், நடுவில் நின்றது? இல்லை என்றால், அவள் வகுப்பு அதோடு போச்சு. ஏதோ உளறினேன். அவர் குனிந்து மகள் காலில் இருந்த சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினார். முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சலங்கையைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு கிளாஸ் இருக்குங்களா?"

இருக்கிறது என்றேன். வந்தால் அவளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.