மேபல் ஏன் பேசாமல் இருந்தாள்

"பிள்ளை, கறுப்பி ஒருத்தி வெள்ளைக்காரியெண்டு சொல்லிச் சீவிக்கிற கதையை இஞ்சை ஆர் வாசிக்கப் போயினம்? எங்கட சனத்துக்கு உது விளங்காது."

நான் முதன்முதலாக மொழிபெயர்த்த சிறுகதையைக் கையில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்து மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் இப்படிச் சொன்னார். ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் மொழிபெயர்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை எங்கும் சொல்வேன். மொழிபெயர்ப்பில் இறங்க விரும்பும் சில மாணவிகள் தொழில் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த ஒரு கதையோடு பட்டதை எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

1. கதை

பயிற்சிக் கல்லூரியில் பழைய புத்தகங்களைக் கழித்தபோது எனக்குக் கிடைத்த தொகுப்பு ஒன்றில் அது இருந்தது. எழுதியவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண். அந்த நாட்டில் பாட்டன், பூட்டனில் ஒருவர் கறுப்பராக இருந்தாலும் பிள்ளை கறுப்புத்தான். ஆனால் கலப்பினால் சிலர் நல்ல வெள்ளையாகப் பிறந்தார்கள். அவர்களில் சிலர் ஊரை விட்டுப் போய், யாரும் அறியாத நகரத்தில் வெள்ளையராகவே வாழ்ந்தார்கள். தாய், சகோதரம் ஒருவரையும் பிறகு பார்க்க முடியாது. இதைப் பற்றி அவர்களுடைய இலக்கியத்தில் நிறையக் கதைகள் உண்டு. நான் வாசித்தவற்றில் அதிகமானவை அழுகையில் முடிந்தன. பிடிபட்டவள் சாவாள், அல்லது திரும்பி வந்து தாயின் கல்லறையில் விழுவாள்.

இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. எஸ்தர் ஒரு பெரிய கடையில் தையற்காரி. வெள்ளைக்காரி என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு நாள் பணக்காரச் சீமாட்டி ஒருத்தி கவுண் தைக்க வருகிறாள். கூட வந்த கறுப்பு வேலைக்காரி மேபல், எஸ்தரின் சொந்த ஊர்க்காரி. இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள். மேபல் நிலத்தில் முழந்தாளிட்டு, கவுணின் ஓரத்துக்கு ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து எஸ்தரிடம் நீட்டுகிறாள். ஒன்றும் பேசவில்லை. கதை முடிந்தது.

ஆசிரியர் விளங்காது என்று சொன்னதால் நாலு பக்கத்தில் ஒரு முன்னுரை எழுதிக்கொண்டு போனேன். அடிமை வியாபாரம், சட்டம், எல்லாம் அதில் இருந்தது. அவர் அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, கதையின் கடைசி வரியில் பென்சிலால் ஒரு சொல் சேர்த்தார். "மேபல் அன்போடு குண்டூசியை நீட்டினாள்." வாசிக்கிறவர்களுக்கு ஒரு ஆறுதல் வேண்டும் என்றார். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கொண்டுவந்தேன்.

2. மாமி வந்த கிழமை

எங்கள் வீடு புளியங்கூடலில். ஐயா துணி வெளுப்பவர். ஊரில் கட்டாடி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கட்டாடி எல்லா வீட்டுச் சீலையும் எடுப்பதில்லை. எந்த வீட்டுச் சீலையை எடுக்கிறாரோ அந்த வீடு உயர்ந்த சாதி. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் பந்தலில் வெள்ளைச் சீலை கட்டுவார்; அதை 'வெள்ளை கட்டுவது' என்பார்கள். செத்தவீட்டுக்கு நடக்கிற வழியில் நிலபாவாடை என்ற சீலை விரிப்பார். அமெரிக்காவில் தோலைப் பார்த்தார்கள். எங்களுக்கெல்லாம் ஒரே தோல் என்பதால் சீலை போகிற வழியைப் பார்த்தார்கள்.

ஐயாவின் தமக்கை, என் மாமி, பூநகரிக்கு அப்பால் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அங்கே அவர்களுக்கும் அதே தொழில். அந்தக் கிழமை மாமி எங்களிடம் வந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ் தரிப்பில் நின்றபோது, கடைவீதிக்கு வந்த மாமி என்னைக் கண்டு கிட்ட வந்தார். என்னோடு கதைத்துக்கொண்டு நின்றவர் வணிகம் படிப்பிக்கும் பரமானந்தம் மாஸ்ரர். அவரும் பூநகரிப் பக்கம்தான். கரம்பொனில், ஐயா சீலை எடுக்கும் ஒரு பெரிய கமக்கார வீட்டில் அவருக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாமியைக் கண்டதும் மாஸ்ரர் பாதியில் கதையை விட்டார். குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். பஸ் வரும் வரைக்கும் நிமிரவில்லை.

பஸ்ஸில் மாமி மெல்லச் சொன்னார்.

"உந்தப் பெடியன்ர வீட்டுச் சீலை நாங்கள் எடுக்கிறேல்லை. உவன் தங்களை உயர்ந்த ஆக்களெண்டு சொல்லித் திரியிறான், ஆனால் அந்த ஆக்கள் இல்லை. நல்ல பெடியன், நல்லாப் படிச்சவன். எனக்கேன் வீண் கதை."

என் பையில் மேபலின் கதை இருந்தது. இதைவிடப் பொருத்தமான சாட்சி ஒன்றை ஆசிரியருக்கு நான் எங்கே போய்த் தேடுவது என்று நினைத்தேன். மாமியும் மேபலைப் போலவே மௌனம். அன்போடுதான். பென்சில் வரியை அப்படியே விட முடிவு செய்தேன்.

3. படலையடியில்

அதற்கு இரண்டாம் நாள் பின்னேரம், மாஸ்ரருக்குப் பேசிய மணப்பெண்ணின் தாய்மாமன் சைக்கிளில் வந்து எங்கள் வேலிப் படலைக்கு வெளியே நின்றார். முன்பு ஊர் அதிகாரியான விதானையாக இருந்தவர். இன்னும் எல்லோருக்கும் விதானையார்தான். ஐயா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

"கட்டாடி, உன்ர தமக்கை வந்து நிக்கிறாளாம். பரமானந்தம் வாத்தியார் வீட்டுச் சீலை அவை எடுக்கிறவையோ? ஓம், இல்லை, ஒண்டைச் சொன்னால் காணும். ஓமெண்டால் கலியாணத்துக்கு மாப்பிள்ளை பக்கத்து வெள்ளையும் நீதான் கட்டவேணும்."

ஊரில் நாலு பேரிடம் விசாரிக்கலாமே என்றேன்.

"சனம் எரிச்சலிலையும் சொல்லும், சிநேகத்திலையும் சொல்லும், ரீச்சர். கட்டாடி சொன்னால் பிழைக்காது." 'ரீச்சர்' என்ற சொல்லை அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

மாமி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஓமென்று சொல்லு, போகட்டும் என்பது அந்த ஆட்டலின் கருத்து. சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்தைக் கண்டேன். ஓமென்றால் அந்தக் கைக்கு இன்னும் ஒரு வீடு கூடும். இல்லையென்றால் பஸ் தரிப்பில் குனிந்து நின்ற ஒருவரின் வாழ்க்கை போகும். இரண்டையும் தீர்மானிக்கும் அளவுகோலாக எங்கள் வீட்டை வைத்திருந்தார்கள்.

"விதானையார், அந்தக் கேள்விக்கு இனி இந்த வீட்டிலை மறுமொழி இல்லை. மாஸ்ரர் வீட்டுச் சீலை எங்கை போகுதோ எங்களுக்குத் தேவையில்லை. உங்கட வீட்டுச் சீலையை இனி நாங்கள் எடுக்கமாட்டம். கலியாணத்துக்கு ஐயா வரவும் மாட்டார்."

அவர் என்னை விட்டுவிட்டு ஐயாவைப் பார்த்தார். "உது உன்ர கதையோ?"

கடைவீதியில் ஒரு சிறிய அறை எடுத்து, காசு கொடுத்தால் யாருடைய உடுப்பும் எடுக்கும் லோன்றி போட வேண்டுமென்று ஐயா கன நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். துணிவு மட்டும் வரவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"ஓம். அவள் சொன்னதுதான்."

அந்த வசனத்தின் முடிவில் எசமானுக்குச் சொல்வதுபோல எப்போதும் வரும் 'நயினார்' வரவில்லை. நான் கவனித்தேன். விதானையாரும் கவனித்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "அப்ப இல்லையெண்டுதான் அர்த்தம்," என்றார்.

4. மாஸ்ரர்

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டிலடியில் மாஸ்ரர் என்னை மறித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஓம் எண்டு ஒரு சொல், ரீச்சர். உமக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"எனக்கில்லை, மாஸ்ரர். ஓமெண்டால் ஐயா உங்கட கலியாணத்துக்கு வெள்ளை கட்டவேணும். உங்கட பிள்ளை பிறந்தால் துடக்குச் சீலை எடுக்க வரவேணும். செத்தவீட்டுக்கு நிலபாவாடை விரிக்கவேணும். நீங்கள் மேலை நிக்கிறதெண்டால் அவர் எந்த நாளும் குனிஞ்சு நிக்கவேணும்."

"நானும் உந்தக் குனியலுக்குள்ளை இருந்துதான் படிச்சு வந்தனான். வேறை எப்பிடி இஞ்சை நிமிர்ந்து நடக்கிறது?"

அவரில் பிழை சொல்லவில்லை என்றேன். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

"சொல்லாமல் விட்டதே சொன்னமாதிரிப் போச்சு," என்றார்.

அது உண்மைதான் என்றேன். கல்யாணம் நடக்கவில்லை. அடுத்த தவணை அவர் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை என் தலையில் போடுபவர்கள் இருக்கிறார்கள். போடட்டும். அதே கேள்வி திரும்ப வந்தால் அதே மறுமொழிதான் சொல்வேன்.

5. ஒரு சொல்லை அழித்தது

மாஸ்ரர் மறித்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கதையை எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். மேபல் எங்கே இருக்கிறாள் என்று அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நிலத்தில். எஸ்தர் வெள்ளைக்காரியாக நிற்பதற்கு முழந்தாளிட ஒருத்தி வேண்டும். அந்த இடத்தில் மேபல்தான் இருக்கிறாள். அவள் அன்பினால் பேசவில்லையா, பயத்தினாலா, சலிப்பினாலா? எழுதியவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருடைய திறமை. பென்சில் எழுத்தை அழித்தேன். முன்னுரையையும் கிழித்தேன்.

ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. கதை வறண்டுபோகும் என்றார். நான் படலையடியில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, உள்ளபடி போடுவம்," என்றார். ஆனால் புனைபெயர் ஒன்று வைக்கச் சொன்னார்.

"உம்மட பேரும் ஊரும் தெரிஞ்சால், சனம் கதையை விட்டிட்டு உம்மை வாசிக்கும்."

"வாசிக்கட்டும்," என்றேன். ஐயாவின் பெயரை முழுதாக எழுதி, பின்னால் என் பெயரை எழுதி, கீழே புளியங்கூடல் என்று போட்டுக் கொடுத்தேன்.

கதை வந்தபின், மண்கும்பானிலிருந்து படிப்பிக்க வரும் ஒரு ரீச்சர், யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் என்னிடம், அந்தச் சீமாட்டி போன பிறகு எஸ்தர் மேபலிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் மேபல் தன் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டார். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அவர்கள் விடவில்லை. முன்னுரை இல்லாமலே விளங்கிவிட்டது. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தூரத்து மனிதர்களின் கதையை மொழிபெயர்க்கும்போது, அவர்களுக்காக ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாதீர்கள். யார் நிற்கிறார், யார் குனிந்திருக்கிறார் என்பதை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள்.

இப்போது நாவல் ஒன்றை எடுத்திருக்கிறேன். அதுவும் ஒரு கறுப்பினப் பெண் எழுதியது. அண்ணன் வெள்ளையனாகி நகரத்துக்குப் போய்விடுகிறான். நாவல் அவனைப் பற்றியது அல்ல. கறுத்தவளாகப் பிறந்து, வீட்டிலேயே நின்று, சம்பளம் எடுத்து, தன் பெயரிலேயே வாழும் தங்கையைப் பற்றியது. முதல் மூன்று அத்தியாயங்களைப் போன வெள்ளிக்கிழமை ஆசிரியரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.