கதவு தெரிகிற இடம்: நமுனுகுல பக்கம் ஒரு மண்சரிவு ஒத்திகை

எதையும் எடுத்த எடுப்பில் நம்பி எனக்குப் பழக்கமில்லை. பயணம் போகிற ஆளுக்கு அது நல்ல குணம் என்பது என் கட்சி. அறையிலிருந்து மலை தெரியும் என்று சொன்னால் காசு கொடுப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். அதனால், பதுளையில் இருக்கும் என் தோழி ஸ்டெல்லா போனில், "எங்க தோட்டத்து ஆளுங்க மண்சரிவுக்கு எவ்வளவு நல்லா ரெடியாகியிருக்காங்க தெரியுமா? வந்து பாத்து எழுதுடி, மத்த தோட்டங்களும் செய்யட்டும்" என்றபோது எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. வெளியாளைக் கூப்பிட்டுக் காட்டும் அளவுக்கு நன்றாக இருக்கிறதென்றால், எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும்.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதுளை டவுனில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. விடுமுறை நாட்களில் ஒரு சின்னத் தொண்டர் குழுவோடு தோட்டம் தோட்டமாகப் போய், மழைக்காலத்துக்கு முன் சனங்களைத் தயார்ப்படுத்துகிறவள். எந்த அறிகுறியைக் கண்டால் வீட்டை விட்டு இறங்க வேண்டும், பையில் என்ன இருக்க வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாள். நல்ல மனசுக்காரி. ஆனால் நல்ல மனசுக்காரர்கள் ஏமாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் கிளம்பினேன். ஊவா பக்கம் பெரிய மழை அதற்குப் பிறகுதான் தொடங்கும். கொழும்பு புறக்கோட்டையிலிருந்து காலை ஐந்தரைக்கு பதுளை பஸ், இரத்தினபுரி, பலாங்கொடை வழி. பெரகல சந்தியில் பத்து நிமிடம் நின்றது. தேநீரும் உளுந்து வடையும் சாப்பிட்டேன். வடை நேற்றையது என்று இன்றும் சந்தேகிக்கிறேன். பதுளையில் இறங்க ஒரு மணி ஆகிவிட்டது. அங்கிருந்து பசறைக்கு பஸ், ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர், வளைவு வளைவாக. தலைசுற்றல் உள்ளவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பசறையிலிருந்து தோட்டத்துக்கு த்ரீவீலர்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார், ஆயிரத்து எண்ணூறுக்கு இறங்கினார். அவ்வளவு சுலபமாக இறங்கினாரே என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மிஸ் எங்க இருந்து வாறீங்க?"

"கொழும்பு."

"காணி அளக்கவா?"

"இல்லையே. சிநேகிதியைப் பார்க்க."

"கேமரா எல்லாம் இருக்கு," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "போன மாசமும் ஒருத்தரு சிநேகிதரைப் பாக்கத்தான்னு வந்தாரு. கொடையை விரிச்சு வச்சுக்கிட்டு மலையை மலையைப் படம் புடிச்சாரு" என்றார். என்னைவிடச் சந்தேகப் பிராணி ஒருவரைச் சந்தித்ததில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான்.

தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நமுனுகுல மலையின் ஒரு மடிப்பில் இரண்டு லயங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. நீளமான ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. மேல் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. எனக்கு முன்பே அங்கே வந்திருந்த ஸ்டெல்லா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். மண்ணில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரங்கள், முன்பு இல்லாத ஒரு ஊற்று. மழை நாளில் அந்த ஊற்று கலங்கி வந்தால் யோசிக்கவே கூடாது, இறங்கிவிட வேண்டும் என்றாள். அங்கே நின்றபோது காலுக்கடியில் ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் நான் மெதுவாகத்தான் மூச்சு விட்டேன்.

அந்த வெடிப்புக்கு நேர் கீழே, மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில்தான் புஷ்பம் இருக்கிறார். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண், நாற்பது வயதுக்குள். கணவர் யேசுதாஸ் பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வெடிப்பைப் பற்றிக் கேட்டதும் புஷ்பம், "தெரியுங்க மிஸ், தெனமும் பாக்குறோம்" என்று சொல்லிவிட்டு, என் கேமராவைத்தான் பார்த்தார்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டு கிடையாது, எல்லோரும் வீட்டில். அதனால்தான் ஸ்டெல்லா ஒத்திகைக்கு அந்த நாளைப் பிடித்தாள். காலை ஒன்பது மணிக்குக் கையால் சுற்றும் சைரன் ஊதியது. நான் கீழே பாடசாலை மைதானத்தில் காத்திருந்தேன். பாதை ஒரு பெரிய வளைவு வளைந்து வருவதால் அங்கிருந்து லயம் தெரியாது. சொன்னால் சொன்னபடி சனங்கள் இறங்கி வந்தார்கள். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் அடையாள அட்டை, மருந்து, டோர்ச். பிள்ளைகள் கைகோத்து வந்தார்கள். ஒரு தள்ளுமுள்ளு இல்லை, ஒரு சிரிப்புக்கூட இல்லை.

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா?" என்றாள்.

பார்த்தேன். எனக்கு எங்கேயோ இடித்தது. இவ்வளவு பேர் வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள், ஒருவர் கையிலும் சாவி இல்லை. நான் கடைக்குப் போனாலே சாவியை மூன்று முறை தொட்டுப் பார்க்கிற ஆள். புஷ்பத்திடம் போனேன்.

"வீட்டைப் பூட்டிட்டீங்களா?"

"பூட்டியாச்சுங்க மிஸ்."

"சாவி?"

புஷ்பம் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் மைதானத்துப் புல்லைப் பார்த்தார். நான் வேறு எதுவும் கேட்காமல் மேலே ஏற ஆரம்பித்தேன். பின்னால் ஸ்டெல்லா, "எங்கடி போற?" என்று கத்தியதும் கேட்டது.

மேல் லயத்தில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு ஆள். ஒரு வீட்டில் மருமகள், ஒரு வீட்டில் மாமனார், ஒரு வீட்டில் அண்ணன்காரர். கடைசிக் காம்பரா வாசலில் யேசுதாஸ் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க வரலையா?" என்றேன்.

"காவலுக்கு ஒருத்தரு வேணும்ல."

"இது ஒத்திகைதானே, அரைமணி நேரம்."

"ஆமாங்க. ஒத்திகையிலயே காம்பராவைச் சும்மா விட்டுட்டுப் போறதா?"

"அப்போ, உண்மையாகவே மண் வந்தால்?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "அப்பவும் நான் இருப்பேன். புள்ளைங்க அவளோட போயிருவாங்க."

நிமிர்ந்து லயத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சரிவைப் பார்த்தேன். வெடிப்பு அவர் தலைக்கு நேர் மேலே, இடையில் ஒரு தென்னை உயரம்கூட இல்லை.

மூச்சு வாங்க ஏறி வந்த ஸ்டெல்லாவுக்கு விஷயம் விளங்கியதும் கோபம் தலைக்கேறியது. "அப்ப இத்தனை நாளா நான் கத்துனது எல்லாம் எதுக்கு? சாகப்போறீங்களா?" என்று சத்தம் போட்டாள். அவள் பின்னாலேயே வந்திருந்த புஷ்பம்தான் பதில் சொன்னார், நிதானமாக.

"மிஸ், இதே தோட்டத்து மேல் டிவிசன்ல என்னா நடந்துச்சுன்னு தெரியுமா? மழைக்கு எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு மூணு வாரம் அங்கயே இருந்தாங்க. திரும்பி வந்து பாத்தா கூரைத் தகரம் இல்ல, கதவுல ஆணி. ஆபத்தான லயமாம், ஆள் இல்லாத காம்பராவாம். யாரு செஞ்சதுன்னு கேட்டா தோட்டத்துத் தொர தெரியாதுங்கிறாரு, ஆபீஸ் தெரியாதுங்குது. தோட்டத்துல எனக்குப் பேர் இருக்குறதாலதான் எங்களுக்கு இந்தக் காம்பரா. ஆள் இல்லன்னா இதுவும் இல்ல."

லயக் காம்பரா குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை என்பது வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால்தான் இருப்பிடம். அதனால் கல்யாணமோ சாவோ கோயில் திருவிழாவோ, குடும்பமே கிளம்பினாலும் ஒருவர் வீட்டிலேயே தங்கிவிடுவது இங்கே வழக்கம். யாரும் அதைப் பேசி முடிவெடுப்பதில்லை. ஸ்டெல்லாவின் ஒத்திகையிலும் அதே வழக்கப்படிதான் நடந்திருக்கிறார்கள். அவள் மைதானத்துக்கு வந்தவர்களைத்தான் பார்த்தாள், வராதவர்களைக் கேட்கவில்லை.

"நான் அந்த ஆபீஸ் ஆளுன்னு நினைக்கிறீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"நீங்க நல்லவங்க மிஸ்," என்றார் புஷ்பம். "நல்லவங்களை அனுப்பித்தானே எதையும் செய்வாங்க."

அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டெல்லாவுக்குப் பிடிக்கவில்லை, வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம் எனக்கே ஸ்டெல்லாவின் குழுவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்ற எண்ணம் ஓடியது. சந்தேகம் ஒட்டுவாரொட்டி.

பேச்சு வளர்ந்தது. கீழே போனவர்களில் பாதிப் பேர் ஏறி வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் பேச, புஷ்பம் கணவரைக் காட்டிப் பொருமினார். "ஸ்கூல்ல உக்காந்தா இங்க யாரு வாறா, யாரு போறான்னு ஒண்ணும் தெரியாது. கதவு தெரியுற எடமா இருந்தா இவரைக் கையைப் புடிச்சு நானே இழுத்துக்கிட்டு வந்துருவேன்."

ஸ்டெல்லா தலையை நிமிர்த்தினாள். எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தாழ்வான ஒரு முதுகில், கொழுந்து நிறுக்கிற மடுவம் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் அரைச்சுவர். அங்கிருந்து பார்த்தால் இரண்டு லயத்தின் கதவுகளும் நேருக்கு நேர்.

"அங்க கக்கூஸ் இல்ல, தண்ணி இல்ல," என்றாள் தனக்குத்தானே. "அந்த மண் எப்படின்னு அதிகாரிங்க வந்து பாக்கணும்."

"மூடுபனி எறங்குனா அங்க இருந்து கதவு எப்புடித் தெரியும்?" என்றார் யேசுதாஸ். சந்தேகத்தில் ஆள் என் குருவாகவே இருக்கத் தகுந்தவர். அதற்கும் அங்கேயே பதில் வந்தது: பளிச்சென்று பெயின்ட் அடிப்பது, வீட்டுக்கு ஒரு நிறம். யேசுதாஸுக்குக் கடையில் சலுகை விலையில் கிடைக்குமே என்று யாரோ சொன்னார்கள். முதல் முறையாக எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலை சைரன் இல்லாமல், சும்மா, மடுவம் வரைக்கும் ஒரு நடை நடந்தோம். லயத்தில் ஒரு ஆள் மிச்சமில்லை. யேசுதாஸ் கடைசியாக வந்தார், அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு. மடுவத்தில் யாரும் சரிவைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கண் கதவிலேயே. அதிகாரிகள் இரண்டு வாரத்தில் வந்து அந்த இடத்தைப் பார்த்துச் சரி சொன்னதாகவும், தண்ணீர்த் தாங்கி வைத்துத் தற்காலிகக் கழிப்பறை கட்டியதாகவும், புஷ்பத்தின் கதவு மஞ்சள் நிறம் என்றும் ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு. பசறைக்கு மேல் மழைக்காலத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். ஜனவரி கழிந்து போங்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துக்குள் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அங்கே கேமரா என்றால் நில அளவையாளர் என்று அர்த்தம். இதுபோன்ற ஒத்திகை நடத்தப் போகிறவர்கள் என்றால் வந்தவர்களைப் பார்த்துக் கைதட்டாமல், சைரன் ஊதும்போது லயத்துக்கு ஏறிப் போய் யார் இருக்கிறார் என்று பாருங்கள். இருப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். எங்களை நம்புங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்பாத ஆளும் வந்து நிற்கக்கூடிய இடமாகப் பாருங்கள். இதுதான் நான் அங்கே கற்றது என்று இந்தப் பதிவை முடித்து, வெளியிடாமல் வைத்திருந்தேன். ஒரு மழையாவது கழியட்டும் என்று எனக்குள் ஒரு சந்தேகம்.

டிசம்பரில் அந்த மழை வந்தது. ஊற்று கலங்கியதைக் காலையில் புஷ்பம் பார்த்திருக்கிறார். சைரன் ஊத, எல்லோரும் மடுவத்துக்குப் போய்விட்டார்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகு சரிவு இறங்கியது. கடைசி மூன்று காம்பராக்கள் போய்விட்டன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கேட்டதும் நான் புஷ்பத்துக்கு போன் பண்ணினேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "எல்லாரும் பார்த்துக்கொண்டா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பாத்துக்கிட்டேதான் மிஸ் இருந்தோம். மஞ்சக் கதவு நின்ன வாக்குலயே கீழ எறங்கிப் போச்சு. நான் இவரு சட்டையைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அப்பறம் கையில இருக்கிறது இவரு சட்டைதானேன்னு பாத்து, அதுக்கும் அழுதேன்."

யேசுதாஸிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவரால் இப்போது வர முடியாது என்றார் புஷ்பம்.

"சேத்துக்குள்ள இருந்து கதவை மட்டும் தோண்டி எடுத்தாங்க. அதை மடுவத்துல சாத்தி வச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்களாம்."